வுப்பர்டாலில் கழுத்தும் முதுகும்

விமானத்தில் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்று கேட்டாள். நான்-வெஜ்ஜில் என்ன என்றேன். சிக்கன் என்றாள். கோழியை எல்லாம் நான்-வெஜ் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களே என்று அலுத்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்காரி. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உலகத்தில் ஓடுவது, பறப்பது, ஊர்வது எல்லாவற்றையும் ஒரு வாயாவது தின்று பார்த்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. ஈசல், நத்தை, வயல் எலி, ஈமு, நாகாலாந்தில் பட்டுப்புழு, பாங்காக்கில் வறுத்த தேள். சட்டம் சம்மதிக்கிறவற்றை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். என் கணவர் சுத்த சைவம். கல்யாணமான புதிதில் என்னைத் திருத்தப் பார்த்தார். இப்போதெல்லாம் நான் எந்த ஊருக்குப் போனாலும் தினமும் போன் செய்து, "இன்னைக்கு எந்த ஜீவன் போச்சு?" என்று விசாரிப்பதோடு சரி.

எனக்கு இருந்த ஒரே குறை, திமிங்கிலம். வடக்குக் கடல் பக்கம் எங்கோ தின்கிறார்கள் என்று படித்த நாளிலிருந்து நாக்கு அதையே நினைத்துக்கொண்டிருந்தது. மகன் கதிர் எசன் நகரத்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். ஜெர்மனியும் வடக்குப் பக்கம்தானே என்று கிளம்பிவிட்டேன். எங்களூரில் என்னைப்போல ஏழெட்டுப் பேர் சேர்ந்து "நாக்கு நீளம்" என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். புதிதாக எதைத் தின்றாலும் அதில் படம் போட வேண்டும். திமிங்கிலத்தோடுதான் திரும்புவேன் என்று அவர்களிடம் சவால் விட்டிருந்தேன்.

விமான நிலையத்தில் கதிரைக் கட்டிப்பிடித்த கையோடு, "திமிங்கிலம் எங்கடா கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"அம்மா, மெதுவா பேசு. இங்க அதை விக்கிறதே சட்டப்படி குத்தம்" என்றான்.

எசனுக்குப் போகும் ரயிலில் பையன் சரியாகவே பேசவில்லை. என்னடா என்று அதட்டியதும் கொட்டிவிட்டான். அவன் விரும்பும் பெண் துஷா. பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்து வுப்பர்டாலில் குடியேறியவர்கள். பெண் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். வீடியோவில் பேசியிருக்கிறேன், எனக்குப் பிடித்துவிட்டது. நான் வந்ததற்கு அதுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி திமிங்கிலம். (பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். அந்த வீட்டில் ஒருவருக்கு ஒரு விஷயம் இன்னமும் தெரியாது.)

"துஷாவோட அப்பா இன்னும் ஓகே சொல்லலைம்மா. ஞாயித்துக்கிழமை லஞ்ச்சுக்குக் கூப்பிட்டிருக்காங்க. உன்னைப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லுவாராம். அவர் வேண்டாம்னுட்டா துஷா மீற மாட்டா" என்றான்.

"என்னைப் பார்த்து என்ன முடிவு? நான் என்ன கட்டிக்கவா போறேன்?"

"அவர் கோயில் நிர்வாகத்துல இருக்காரு. வீட்டுக்குள்ள முட்டைகூட வராது. நீ பாட்டுக்குத் தேளு, எலின்னு ஆரம்பிச்சுடாதே. ப்ளீஸ்மா. ஒரே ஒரு நாள் நாம வெஜிட்டேரியன்."

சொல்லும்போது அவனுக்குக் குரல் கம்மிவிட்டது. என் வாயால் பிள்ளையின் கல்யாணம் நின்றுபோனால் நான் எந்த மூஞ்சியோடு ஊருக்குத் திரும்புவது? சரிடா, ஞாயிற்றுக்கிழமை நான் பசுமாடு என்று சத்தியம் செய்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.

மறுநாள் கதிர் ஆபீஸ் போனதும் தெருமுனை பேக்கரிக்குப் போனேன். திமிங்கிலத்துக்கு ஜெர்மனில் "வால்" என்று பெயராம், இரவே கேட்டு வைத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுத்த ரொட்டி. அதன் அட்டையில் நீளமாக ஒரு வார்த்தை, அதன் தொடக்கமே "வால்". சட்டம் கிட்டம் என்று பையன் பயமுறுத்தினானே, இங்கே ரொட்டிக்குள் வைத்துப் பகிரங்கமாக விற்கிறார்கள்! ஒன்று வாங்கிப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கடித்தேன். மொறுமொறுவென்று எலும்புபோல என்னவோ சிக்கியது. லேசான கசப்பு. படம் எடுத்துக் குழுவில் போட்டேன்: "திமிங்கில ரொட்டி. மீன் வாடை இல்லவே இல்லை. குருத்தெலும்போடு அரைத்திருக்கிறார்கள்." வாழ்த்துகள் குவிந்தன. ஒருவர் மாலை அணிந்த யானைப் படம் அனுப்பினார்.

சாயங்காலம் கதிர் அந்த ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது வால்நட்" என்றான்.

ஜெர்மன்காரர்கள் அக்ரூட்டுக்கு "வால்நுஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்ய? குழுவில் நான் எதையும் திருத்தவில்லை. அவர்களாகக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள், எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் ஊர்சுலா என்னைக் காபிக்குக் கூட்டிப்போனாள். ஓய்வு பெற்ற டீச்சர். அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது. மெனு அட்டையை விரலால் தடவி, "நீ வித்தியாசமானது சாப்பிடுவாயாமே, இதோ, குளிர்ந்த நாய்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றாள்.

நாய் நான் தின்றதில்லை. எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் பதினாலு வருஷம் இருந்தது. கொள்கை ஒரு பக்கம், மணியின் முகம் ஒரு பக்கம். கடைசியில் மணியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு தட்டு நாய்" என்று சொல்லிவிட்டேன். வந்தது சாக்லேட்டும் பிஸ்கட்டும் அடுக்கடுக்காக வைத்துக் குளிரவைத்த கேக். நிம்மதியில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பக்கத்து மேசைக் கிழவர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். ஊர்சுலா மொழிபெயர்த்தாள்: "அந்தம்மாவைப் பார். கேக் என்றால் அப்படி ருசிக்க வேண்டும்."

அதற்கு அடுத்த நாள் கதிர் லீவு போட்டு என்னைக் கொலோனுக்குக் கூட்டிப்போனான். பாதி வழியில் ரயில் நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் பாடம் ஒப்பிப்பதுபோல ஏதோ சொன்னார். எல்லாரும் பெருமூச்சு விட்டபடி இறங்கினார்கள். "வண்டி இதுக்கு மேல போகாதாம். 'உங்கள் புரிதலுக்கு நன்றி'ன்னு சொல்றாங்க" என்றான் கதிர். எனக்குத்தான் ஒன்றுமே புரியவில்லையே, எதற்கு நன்றி? எங்கள் ஊர் பஸ் நின்றால் கண்டக்டர் குறைந்தபட்சம் கீழே இறங்கி டயரையாவது உதைப்பார். நாலு பேர் சேர்ந்து அவரைத் திட்டலாம். இங்கே திட்டுவதற்கு ஆளே இல்லை. பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் காற்றுதான் வாங்கினோம்.

கொலோனில் ஒரு பழைய சாப்பாட்டுக் கடை. "அரைச் சேவல்" என்று ஒன்று இருப்பதாகக் கதிர் சொன்னான். ரயில் பசியில் எனக்கு முழுச் சேவலே பற்றாது, இருந்தாலும் ஆர்டர் செய்தேன். வந்தது ஒரு ரொட்டி, அதன்மேல் விரல் பருமனுக்குச் சீஸ், கொஞ்சம் வெங்காயம். "சேவல் எங்கே?" என்று பரிமாறியவரைக் கேட்டேன். "இதுதான் சேவல்" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல். பக்கத்து மேசையில் "பொய் முயல்" என்று ஒன்று வந்தது. அது நடுவில் முட்டை வைத்துச் சுட்ட கொத்துக்கறி. வயிறு எரிந்தது. எங்கள் ஊரில் பாய் கடையில் ஆடு என்றால் ஆடு, கோழி என்றால் கோழி. இந்த நாட்டில் மிருகத்தின் பெயரைச் சொன்னால் மிருகம் வராது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஊர்சுலாவுக்குப் பிறந்தநாள். மேசை நடுவே ஒரு முள்ளெலி. உடம்பெல்லாம் வெங்காயத் துண்டுகள் முள்ளாகக் குத்தியிருக்க, கண்ணுக்கு மிளகு. "இதுவும் கேக்தானே?" என்றேன் அலட்சியமாக. "இல்லை, பச்சைப் பன்றி இறைச்சி. இன்று காலையில்தான் அரைத்தது" என்றாள். வேகவைக்காததா? வேகவைக்காததுதான். அப்பாடா, இந்த நாட்டில் ஒருவழியாக ஒரு மாமிசம்! ரொட்டியில் தடவிச் சாப்பிட்டேன். வழுக்கிக்கொண்டு போனது, உப்பும் வெங்காயமும் தூக்கிக் கொடுத்தன. மூன்றாம் முறை கை நீட்டியபோது ஊர்சுலாவின் தங்கை எழுந்து நின்று கைதட்டினாள்.

அங்கே இருக்கும்போதுதான் என் போன் அடித்தது. பால்கனிக்குப் போய் எடுத்தேன்.

"வணக்கம் அக்கா, நான் துஷாவின்ரை அம்மா பவானி கதைக்கிறன். சுகமா இருக்கிறியளோ? ஞாயிறு மத்தியானம் எங்கடை வீட்டிலைதான் சாப்பாடு, என்ன?"

"கண்டிப்பா வர்றோம்மா."

"அக்கா, ஒண்டு கேக்கோணும், குறை நினைக்காதேங்கோ. உங்கடை ஆக்களுக்கு மச்சம் இருக்குத்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் வீட்டார் ஜாதகம் கேட்பார்கள், சம்பளம் கேட்பார்கள். மச்சத்தையுமா கேட்பார்கள்? ஒருவேளை யாழ்ப்பாணத்தில் அப்படியொரு பொருத்தம் உண்டோ என்னவோ. பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னேன்.

"இருக்குங்க. எனக்கே ரெண்டு இருக்கு."

"ரெண்டோ! என்னென்ன அக்கா?"

"கழுத்துல ஒண்ணு. முதுகுல ஒண்ணு."

"கழுத்தும் முதுகும்..." என்று அந்தம்மா நிதானமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "தம்பிக்கும் அதேயோ?"

"இல்ல, அவனுக்குத் தொடையில. பெருசா ஒண்ணு."

"ஓம் ஓம், பெடியளுக்குத் தொடைதான் விருப்பம்."

என்ன பேச்சு இது! எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தம்மா விடவில்லை. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லோ, இண்டைக்கு உங்களுக்கும் மச்சம் இல்லைத்தானே?"

"நேத்து இருந்தது இன்னைக்கு எங்கம்மா போகும்? இருக்கு!"

"ஐயோ அக்கா, நல்ல பகிடி!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

கதிரிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே துஷாவைக் கூப்பிட்டுச் சண்டை போடுவான். கணவருக்கு மட்டும் போன் செய்து கொதித்தேன். "நல்லவேளை, நான் வரலை. எனக்கு இருக்கிற இடத்தைச் சொல்ல முடியாது" என்றார். அவரிடம் சொல்லி என்ன பிரயோசனம்?

ஞாயிற்றுக்கிழமை கொண்டையை உச்சந்தலைக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டேன். கழுத்து மச்சம் பளிச்சென்று தெரிந்தது. வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வுப்பர்டாலில் ரயில் தண்டவாளத்தின் மேலே போகாது, கீழே தொங்கிக்கொண்டு போகும். அடியில் ஆறு. உள்ளே நிற்கிறவர்கள் லேசாக ஆடிக்கொண்டே அமைதியாகப் பேப்பர் படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தின்ற பன்றி எனக்குள் எழுந்து உட்கார்ந்தது. "அம்மா, நீ வெஜிட்டேரியன், மறந்துடாதே" என்று கதிர் காதில் ஓதிக்கொண்டே வந்தான்.

கதவைத் திறந்த பவானி, "வாங்கோ அக்கா, வாங்கோ தம்பி" என்று வாய் நிறையச் சிரித்தார். என் கழுத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்க்காததுபோல் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். துஷா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா சிவநேசன் திருநீறும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். வணக்கம் என்ற ஒரு வார்த்தையோடு சரி.

பவானி பால்கனிப் பக்கம் மறைந்துவிட, சிவநேசன் எதிரே நான் உட்கார்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியம் ஞாபகம் வந்தது.

"நாங்க சுத்த சைவம்ங்க" என்றேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. ஆகா, மனிதருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு உற்சாகம் பிறந்தது. "முட்டையைக் கூடத் தொட மாட்டோம். கறி வாசனை பட்டாலே எனக்குத் தலை சுத்தும்" என்று மேலும் இரண்டு அடுக்கினேன். கணவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் எங்கள் வீட்டுக்கு இது பாதி உண்மைதான். சிவநேசன் பால்கனிக் கதவைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் மூக்கில் ஏறியது. மிளகாய்த்தூள் வறுத்துப் போட்ட கறிக் குழம்பு வாசனை. அந்த வாசனையைத் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன் நான்.

கதவு திறந்தது. தலையில் மழைத்துளியோடு, இரண்டு கையாலும் பெரிய சட்டியைப் பிடித்தபடி பவானி வந்தார்.

"அக்கா, நீங்கள் கேட்டமாதிரியே கழுத்தும் முதுகும். தம்பிக்குத் தொடையும் போட்டிருக்கிறன்."

"நான் எங்கம்மா கேட்டேன்?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை கேட்டனான் எல்லோ, மச்சம் இருக்கோ எண்டு? நீங்கள்தானே கழுத்தும் முதுகும் எண்டு சொன்னனீங்கள்!"

"மச்சம்னு கேட்டீங்க, இருக்கிற இடத்தைச் சொன்னேன்! இதோ பாருங்க!" என்று திரும்பி உட்கார்ந்து கழுத்தைக் காட்டினேன். "முதுகுல இருக்கிறதை இங்க காட்ட முடியாது!"

பவானி என் கழுத்தைக் குனிந்து பார்த்தார். "அக்கா, அதை நாங்கள் மறு எண்டெல்லோ சொல்லுறது!"

துஷா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஒரு வழியாக மூச்சு வாங்கிச் சொன்னாள். அவர்கள் பேச்சில் மச்சம் என்றால் மீனும் இறைச்சியுமாம். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை என்றால் அன்றைக்குச் சைவச் சாப்பாடுதான் என்று அர்த்தமாம். சொல்லி முடித்துவிட்டுக் கதிரைப் பார்த்து, "அப்ப உமக்குத் தொடையிலை மச்சமோ?" என்று கேட்டாள். கதிர் ஜன்னல் வழியாகக் குதிக்கலாமா என்பதுபோல வெளியே பார்த்தான்.

பவானியும் சிரித்தார், நானும் சிரித்தேன். சிவநேசன் சிரிக்கவில்லை.

"குசினிக்குள்ளை மச்சம் போகக்கூடாது எண்டு புதுச் சட்டி வாங்கி, பால்கனியிலை சின்ன அடுப்பு வைச்சு, மழைக்குள்ளை குடை பிடிச்சுக்கொண்டு இவ காலமை துவக்கம் சமைச்சவ" என்றார் நிதானமாக. "வாற ஆக்களுக்கு விருப்பமானதைக் குடுக்கோணும் எண்டுதான். அது கிடக்கட்டும். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. நீங்கள் மச்சம் சாப்பிடுறனீங்களோ, இல்லையோ?"

கதிர் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்தும் எனக்குப் பொய் வரவில்லை. மழையில் நனைந்து நிற்கிற அந்தம்மாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"சாப்பிடுவேங்க. எல்லாமே சாப்பிடுவேன். முந்தாநாள் பச்சைப் பன்னிகூடத் தின்னேன். பையன் பயந்துபோய் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். அதான் அப்படிச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

சிவநேசன் எழுந்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப இருந்து சாப்பிடுங்கோ" என்றார்.

மற்றவர்களுக்குப் பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, தேங்காய்ப்பாலில் சொதி. கதிர் பசியில்லை என்று சொதியை மட்டும் ஊற்றிக்கொண்டான். துஷா விரதம். எனக்கு மட்டும் தனி மேசை, தனிச் சட்டி. பவானி பக்கத்தில் நின்று அள்ளி அள்ளி வைத்தார். எல்லாரும் பார்க்க முதல் வாய் எடுத்து வைத்தேன்.

ஆடு இல்லை.

எனக்கு ஆடு தெரியும். மாடு தெரியும், எருமை தெரியும், ஒட்டகம்கூட ஒருமுறை வாய்த்திருக்கிறது. இது அதில் எதுவும் இல்லை. கறுப்பாக, நார் நாராக நீளமாக, கொழுப்பே இல்லாமல், அத்தனை காரத்துக்கு அடியிலும் லேசாக ஒரு தித்திப்பு. நான் மெல்வதை நிறுத்திவிட்டேன்.

"என்ன அக்கா, வேகேல்லையோ?" பவானி பதறினார். "இந்த நாட்டு ஆடு வேகமாட்டன் எண்டு ஒரே அடம். இவர்தான் நேற்றுச் சந்தையிலை வாங்கிக்கொண்டு வந்தவர். வாழ்க்கையிலை முதல்தரம் இறைச்சிக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரன் சுத்தித் தந்த பேப்பரிலை வடிவா ஒரு குதிரைத்தலை கீறியிருந்தது. இவர் அதையும் உடனே கொண்டுபோய் எறிஞ்சுபோட்டார். ஏன் அக்கா, ஆட்டிறைச்சிக் கடையிலை குதிரைப் படம்?"

சிவநேசனுக்குப் புரையேறியது. துஷா தண்ணீர் எடுக்கச் சமையலறைக்கு ஓடினாள்.

எனக்கு உள்ளுக்குள் வெடி வெடித்தது. குதிரை! நாக்கு நீளம் குழுவில் இதுவரை ஒருவரும் தொடாத ஐட்டம். போன் மடியில்தான் இருந்தது. ஒரே ஒரு படம், ஒரே ஒரு வார்த்தை போதும். என் வாழ்நாளில் எதைத் தின்றாலும் அதைத் தின்று முடிப்பதற்குள் ஊருக்குச் சொல்லிவிடுகிறவள் நான். பவானி கரண்டியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இருமிக்கொண்டிருந்த மனிதரும் இருமலுக்கு நடுவே என்னையே பார்த்தார். கதிர் சொதியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"இங்க குதிரை லாடம் ராசின்னு வாசல்ல மாட்டுவாங்க இல்லம்மா, அந்த மாதிரி கடைக்கும் ஒரு ராசி" என்றேன். "நல்லா வெந்திருக்கு. இன்னும் கொஞ்சம் வைங்க."

"மெய்யே? ஆடு எப்பிடி?"

"இப்படி ஒரு ஆட்டை நான் சாப்பிட்டதே இல்லைம்மா."

பவானிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சட்டியை வழித்து முடிக்கும்வரை அவர் என்னை எழ விடவில்லை. நானும் எழவில்லை, மிச்சம் வைத்தால் யாராவது ஆராய்ச்சி செய்வார்களோ என்று ஒரு பயம்.

திரும்பும்போது சிவநேசன் தொங்கும் ரயில் நிலையம்வரை கூட வந்தார். கதிரும் துஷாவும் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் படியேறிப் பிளாட்பாரத்தில் நின்றோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"இங்கை ஒவ்வொரு தமிழ்க் கடையிலும், துருக்கிக் கடையிலும் என்னைத் தெரியும் அக்கா. நான் இறைச்சி வாங்கினால் பின்னேரத்துக்குள்ளை கோயிலுக்குக் கதை போயிடும். அதுதான் தூரச் சந்தைக்குப் போனனான். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, நிமிர்ந்து பாக்காமல், ஆள் குறைஞ்ச வரிசையிலை நிண்டு, கழுத்து, முதுகு, தொடை எண்டு சொல்லி வாங்கிக்கொண்டு ஓடி வந்திட்டன். ஏன் அந்த வரிசையிலை ஆளில்லை எண்டு பேப்பரைப் பாக்கேக்கைதான் விளங்கினது. அதுக்குள்ளை இவ இறைச்சியைத் தூள் போட்டு ஊற வைச்சிட்டா."

"அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னால் சட்டியோடை சேத்து என்னையும் எறிஞ்சிருப்பா. ரா முழுக்க நித்திரை இல்லை. இந்தியாவிலை இருந்து ஒரு மனிசி வருது, ஒரு வாயிலை கண்டுபிடிச்சு, எல்லாருக்கும் முன்னாலை சொல்லிச் சிரிக்கப்போகுது, பவானி உடைஞ்சு போகப்போறா எண்டு இருந்தனான்." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் சொல்லேல்லை."

"அவங்க மழையில நின்னு சமைச்சாங்க. எப்படிங்க சொல்றது?"

அவர் தலையாட்டினார். "என்ரை பிள்ளை போற வீட்டிலை, தெரிஞ்சும் வாயைத் திறக்காத ஒரு ஆள் இருக்கிறது நல்லது" என்றார். "கலியாணத்துக்கு நாள் பாருங்கோ."

வாயைத் திறக்காதவள் என்று என்னை ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. முன்னால் நின்ற கதிருக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ரயில் ஆடிக்கொண்டே வந்து நின்றது. கதிரும் நானும் ஏறினோம். துஷா எட்ட நின்று கையசைத்தாள்.

கதவு மூடப்போகும் சமயம், கோயில் நிர்வாகி வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. எப்பிடி இருந்தது?"

"கொஞ்சம் தித்திப்பு, சம்பந்தி" என்றேன்.